ஆறு பாயிண்ட்

இந்த ஏப்ரல் மாதம் என் டிரைவிங் லைசென்ஸை ரத்து செய்துவிட்டார்கள். நான் குடித்துவிட்டு ஓட்டவில்லை, யார் மேலும் மோதவில்லை, போலீஸ் ஒருமுறைகூட என்னைக் கைகாட்டி நிறுத்தியதில்லை. 20 மைலுக்கு மேல் போகக்கூடாத ஒரு தெருவில், ஜனவரி மாதத்தில் ஒரு விடியற்காலை, 27இல் போனேன். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் 32 கிலோமீட்டரில் போக வேண்டிய இடத்தில் 43.

பர்மிங்ஹாமில் இருக்கிறேன், நர்ஸ் வேலை. சொந்த ஊர் நாகர்கோவில். என்னைப் போலவே ஊரிலிருந்து வந்து, இங்கே மறுபடி தேர்வு எழுதி, புதிதாக லைசென்ஸ் வாங்கியிருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இந்த ஆறு பாயிண்ட் விதி அரைகுறையாகத்தான் தெரியும் என்பது இந்தச் சில மாதங்களில் பேசிப் பார்த்ததில் புரிந்தது. எனக்கும் அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

விதி இதுதான். ரோட்டில் தப்பு செய்தால் லைசென்சில் ஏறும் தண்டனைப் புள்ளியைத்தான் இங்கே பாயிண்ட் என்கிறார்கள். பிரிட்டனில் ஒருவருக்கு லைசென்சில் 12 பாயிண்ட் சேர்ந்தால்தான் கோர்ட்டில் வண்டி ஓட்டத் தடை விதிப்பார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பழைய டிரைவர்களுக்கு. முதல்முறை தேர்வில் பாஸான நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் ஆறு பாயிண்ட் சேர்ந்துவிட்டால் லைசென்ஸ் தானாகவே ரத்து. 1995இல் புது டிரைவர்களுக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள், 1997 ஜூன் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வேகத்துக்குக் குறைந்தபட்சம் மூன்று பாயிண்ட். ஆக, இரண்டே தடவை. இதில் இன்னொன்றும் இருக்கிறது, பலர் தப்பாகப் புரிந்துகொள்வது: தபால் வந்த தேதியோ, அபராதம் கட்டிய தேதியோ கணக்கில்லை, தப்பு நடந்த தேதிதான் கணக்கு. நான் பாஸானது 2023 ஜூன். இரண்டு வருடம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தபோது அந்தத் தெருவில் கேமரா என்னைப் பிடித்தது.

ஊரில் நான் 2012இல் லைசென்ஸ் வாங்கினேன். டூவீலருக்கு எட்டு போட்டு, காருக்கு ஹெச் போட்டு, முறையாகத்தான். அப்பாவின் ஆல்டோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டு நெரிசலிலும், தோவாளைப் பூச்சந்தைக்குப் போகும் விடிகாலை ரோட்டிலும், ஆரல்வாய்மொழியில் காற்று வண்டியைத் தள்ளும் இடத்திலும் எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேன். ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இங்கே வந்ததும் தெரிந்தது, இந்திய லைசென்சை வைத்து இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம், அதை இந்த ஊர் லைசென்சாக மாற்றித் தரவும் மாட்டார்கள். புரொவிஷனல் என்னும் கற்பவர் லைசென்ஸ் வாங்கி, தியரி எழுதி, பிராக்டிகல் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சரி, கொடுத்தேன். தியரியில் 50 கேள்விக்கு 47. பிராக்டிகலில் இரண்டாவது முயற்சியில் பாஸ். அன்று ராத்திரி வீட்டில் பால் பாயசம் வைத்தேன்.

அந்த நாளில் நான் யோசிக்காதது, சட்டத்தின் கண்ணில் நான் அன்றுதான் வண்டி ஓட்டக் கற்றவள் என்பது. பதினேழு வயதுப் பையன் அன்று காலையில் பாஸாகியிருந்தால் அவனும் நானும் ஒன்று. எனக்கு அப்போது வயது 34, பதினோரு வருட அனுபவம். அந்தப் பதினோரு வருடத்துக்கு மதிப்பு எதுவும் கிடையாது. முதலில் இது அநியாயமாகத்தான் பட்டது. இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

முதல் கடிதம் 2023 நவம்பரில் வந்தது. 30 மைல் ரோட்டில் 36. நடுவில் புல்தரையோடு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு தடம் ஓடும் அகலமான ரோடு அது. வேக போர்டு எதுவும் என் கண்ணில் படவில்லை, இவ்வளவு அகலமாக இருக்கிறதே, 40ஆக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு போயிருக்கிறேன். அந்தத் தடவை பாயிண்ட் இல்லாமல் வகுப்புக்கு வரச் சொன்னார்கள். தொண்ணூறு பவுண்டுக்குப் பக்கத்தில் கட்டி, லேப்டாப் முன்னால் இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டும். அங்கே பாடம் எடுத்தவர் ஒரு படம் காட்டினார். நான் பிடிபட்ட மாதிரியே அகலமான ரோடு, இரண்டு பக்கமும் வரிசையாகத் தெருவிளக்கு, வேக போர்டு எதுவும் இல்லை. இங்கே எவ்வளவு வேகம் என்று கேட்டார். நான் 40 என்று எழுதினேன். விடை 30. இங்கிலாந்தில் தெருவிளக்கு வரிசையாக இருந்து வேறு எண் போட்ட போர்டு இல்லையென்றால் அது 30தான். அகலமாக இருந்தாலும் சரி, நடுவில் தடுப்பு இருந்தாலும் சரி. அப்படிப்பட்ட ரோட்டில் ஞாபகப்படுத்தும் போர்டுகூட வழக்கமாக வைக்க மாட்டார்கள், விளக்குக் கம்பம்தான் போர்டு. வேல்ஸ் பக்கம் போனால் அதே மாதிரி ரோடு 2023 செப்டம்பரிலிருந்து 20 ஆகிவிட்டது. இதெல்லாம் நான் தியரிக்குப் படித்ததுதான். பரீட்சைக்குப் படித்தேன், கண்ணுக்குப் பழக்கவில்லை.

இந்த வகுப்பு ஒரு தடவைதான் காப்பாற்றும். முதல் தப்பு நடந்த தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் மறுபடி மாட்டினால் வகுப்பு கிடையாது, பாயிண்ட்தான். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் வகுப்பை இன்று பதிவு செய்கிறேன் நாளை பதிவு செய்கிறேன் என்று விட்டு, கெடு தாண்டிப்போய் மூன்று பாயிண்ட் வாங்கிக்கொண்டாள். நைட் டூட்டி முடிந்து தூக்கம் இல்லாமல் இருந்தாலும் பரவாயில்லை, கடிதம் வந்த அன்றே பதிவு செய்துவிடுங்கள்.

இரண்டாவது 2024 ஆகஸ்டில். மாமியார் ஊரிலிருந்து வந்தார், அவரைக் கூப்பிட பர்மிங்ஹாம் ஏர்போர்ட்டுக்கு எம்42 மோட்டார்வேயில் போனேன். அந்த ரோட்டில் தலைக்கு மேலே குறுக்கே கம்பி மேடை கட்டி அதில் மின்திரை வைத்திருப்பார்கள். நெரிசலைப் பொறுத்து 60, 50, 40 என்று எண் மாறும். எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தால் அது கட்டாயம், வெறும் ஆலோசனை இல்லை. ஒரு மேடையில் 60 இருந்தது, அதைப் பார்த்தேன். அடுத்ததில் 50 ஆக இறங்கியிருக்கிறது. ரோடு காலியாக இருந்தது, பக்கத்துத் தடத்தில் ஒரு லாரி என்னோடு கூடவே வந்தது, என் மனசு முழுக்க ஏர்போர்ட்டில் தனியாக நிற்கப்போகும் மாமியார் மேல். 59இல் அதைத் தாண்டினேன். நூறு பவுண்ட் அபராதம், மூன்று பாயிண்ட்.

அந்தக் கடிதம் வந்தபோது வீட்டுக்காரர் கேட்டார், "இன்னொரு தடவை வந்தா என்ன ஆகும்?" 12 வந்தால்தான் பிரச்சினை, மூன்றுதானே என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். இரண்டு வருட விதி என்று ஒன்று இருப்பது காதில் விழுந்திருக்கிறது, அது சின்னப் பிள்ளைகளுக்கு என்று ஏதோ ஒரு நினைப்பு. அன்றைக்கு ஐந்து நிமிடம் உட்கார்ந்து படித்திருந்தால் இன்று இதை எழுத வேண்டியிருக்காது.

மூன்றாவதுதான் அந்த 20 மைல் தெரு. ஜனவரி மாதம், காலை 6.50, இருட்டு. எனக்கு 7.30க்கு லாங் டே, அதாவது ராத்திரி வரை நீளும் டூட்டி. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் குறுக்கு வழி அது, ஒரு பிரைமரி ஸ்கூல் வாசலைத் தாண்டிப் போகும். 20 என்று போர்டு இருக்கிறது, ரோட்டில் பெரிதாக எழுதியும் இருக்கிறது. தெரியாமல் போனேன் என்று சொல்ல இந்த முறை வழியே இல்லை. தெரியும். தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். அந்த நேரத்தில் பிள்ளைகள் யார் வரப்போகிறார்கள் என்று கால் தானாக அழுத்தியிருக்கிறது.

பதினான்கு நாளுக்குள் கடிதம் வந்தது. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்கு வரும். அன்றைக்கு ஓட்டியது யார் என்று 28 நாளுக்குள் எழுதி அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் அதுவே தனிக் குற்றம், அதற்கே ஆறு பாயிண்ட். இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு சோதனை வந்தது. தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார், விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பழைய லைசென்ஸ் இருக்கற யார் பேரையாவது எழுதிடுங்க, அவங்களுக்கு மூணு பாயிண்ட் பெரிய விஷயமில்ல, கொஞ்சம் காசு குடுத்தா போதும்" என்றார். கெட்டவர் இல்லை, எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அவர் போனபிறகு ஒரு ராத்திரி முழுக்க நான் அதை யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். வேலை, பையன் ஸ்கூல், மாதத் தவணை எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன.

இந்த நாட்டில் கிறிஸ் ஹூன் என்று ஒருவர், பின்னாளில் அமைச்சரானார். 2003இல் எம்11 ரோட்டில் வேகமாகப் போய்ப் பிடிபட்டார். லைசென்ஸ் போய்விடக் கூடாது என்று அவர் மனைவி விக்கி பிரைஸ் அந்தப் பாயிண்டைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டார். பல வருடம் கழித்து அவர்கள் பிரிந்தபோது விஷயம் வெளியே வந்தது. 2013இல் இரண்டு பேருக்கும் தலா எட்டு மாதம் ஜெயில். அமைச்சர் பதவி, எம்பி பதவி எல்லாம் போயிற்று. மூன்று பாயிண்டுக்காக. பெயரை மாற்றி எழுதுவது இங்கே போக்குவரத்துக் குற்றத்தோடு முடியாது, நீதியைத் திரித்த குற்றமாகிவிடும். நான் நர்ஸ், எனக்கு ஜெயில்கூட வேண்டாம், அப்படி ஒரு வழக்கு வந்தாலே பிழைப்பு ஆட்டம் காணும். அதைவிட, என் பொய்யைச் சுமக்க இன்னொருவர் வீட்டு வாசலில் போய் நிற்பதை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை. காலையில் எழுந்து என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். யாராவது உங்களுக்கும் இந்த யோசனையைச் சொன்னால், தயவுசெய்து அதைக் காதில் வாங்காதீர்கள்.

நூறு பவுண்ட் கட்டினேன். மார்ச் ஓடிப்போனது. ஏப்ரல் முதல் வாரத்தில் லைசென்ஸ் கொடுக்கும் அரசு அலுவலகமான டிவிஎல்ஏயிலிருந்து கடிதம், இந்தத் தேதியிலிருந்து உங்கள் லைசென்ஸ் ரத்து, அட்டையைத் திருப்பி அனுப்புங்கள் என்று. கோர்ட் கிடையாது, விசாரணை கிடையாது. 12 பாயிண்ட் வந்தவர்கள் நீதிபதி முன்னால் போய், லைசென்ஸ் போனால் என் குடும்பம் தாங்க முடியாத கஷ்டத்துக்கு ஆளாகும் என்று முறையிட ஒரு வழி இருக்கிறது. புது டிரைவருக்கு அந்த வழி இல்லை. பாயிண்ட் வந்தது தப்பு என்று நிரூபித்தால்தான் உண்டு, என் விஷயத்தில் தப்பு ஒன்றும் இல்லை.

அம்மாவிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது. வீடியோவில் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "மக்ளே, போலீஸ் உன்னப் பிடிச்சாங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். இல்லம்மா, கேமரா என்றேன். எவ்வளவு வேகத்தில் போனாய் என்று கேட்டாள். 43 கிலோமீட்டர் என்றேன். நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். இன்றுவரை அவளுக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை.

காரில் இருபது நிமிடத்தில் போன ஆஸ்பத்திரிக்கு இப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல். முதலில் நடை, அப்புறம் 11ஆம் எண் பஸ், இறங்கி மறுபடி நடை. 7.30 டூட்டிக்கு ஐந்தே முக்காலுக்குள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு டூட்டி முடிந்து வீடு வந்து சேர ஒன்பதரை, பையன் தூங்கியிருப்பான். அவனுடைய நீச்சல் வகுப்பை நிறுத்திவிட்டோம். வீட்டுக்காரர் கிடங்கு வேலைக்குக் கூட வேலை பார்ப்பவர் காரில் போகிறவர், அவருக்கு இந்த ஊர் லைசென்ஸ் இல்லை, நான் ஓட்டுகிறேனே என்று எடுக்காமலே விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை டூட்டி என்றால் மட்டும் வார்டில் கூட இருக்கும் மலையாளிப் பெண் ஒருத்தி, "சேச்சி, நான் வர்றேன்" என்று வந்து கூட்டிப் போகிறாள். அவள் வழியே கிடையாது, இரண்டு மைல் சுற்றிக்கொண்டு வருகிறாள். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தால் வாங்குவதில்லை, நான் மீன்குழம்பு வைத்தால் மட்டும் டப்பாவில் வாங்கிக்கொள்கிறாள்.

என் பதினோரு வருட அனுபவத்துக்கு மதிப்பில்லாததை இப்போது ஏன் அநியாயமாக நினைக்கவில்லை என்ற விஷயத்துக்கு வருகிறேன். பஸ்ஸில் போகும்போது யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. ஊரில் நான் வேகத்தை எப்படி முடிவு செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஸ்பீடோமீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. நாகர்கோவில் ரோட்டில் உங்களை மெதுவாக்க ஆயிரம் விஷயம் இருக்கிறது. பள்ளம், ஸ்பீடு பிரேக்கர், குறுக்கே வரும் ஆடு, எதிரே ஹெட்லைட் அடித்துக்கொண்டு வரும் பஸ், பின்னால் ஹாரன், திடீரென்று நிற்கும் ஆட்டோ. ரோடே பிரேக் போட வைத்துவிடும். கண்ணும் காதும் கூர்மையாக இருந்தால் போதும். இங்கே ரோடு வழவழவென்று இருக்கிறது, சத்தம் இல்லை, வண்டிக்குள் குலுக்கல் இல்லை, காலையில் ஆள் இல்லை. ரோட்டில் உங்களை மெதுவாக்க ஒன்றுமே இல்லை, கம்பத்தில் இருக்கும் அந்த எண்ணைத் தவிர. அந்த எண்ணைப் பார்த்து, முள்ளைப் பார்த்து, இரண்டையும் சேர்த்து ஓட்டும் பழக்கம் எனக்குப் பதினோரு வருடத்தில் ஒருநாளும் வந்ததில்லை. அந்த விஷயத்தில் நான் புது டிரைவர்தான். பதினேழு வயதுப் பையனைவிடக் கொஞ்சம் மோசம்கூட, ஏனென்றால் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழி அதே தெருதான், அந்த 20 மைல் தெரு. ஆறு மாதமாக இருட்டிலும் வெளிச்சத்திலும் அதில் நடக்கிறேன். காரில் போனபோது அந்த நேரத்தில் யாரும் இல்லை என்று நினைத்தேன் அல்லவா, யாரும் இல்லாமல் இல்லை. ஒரு பெரியவர் கறுப்புக் கோட்டோடு கறுப்பு நாயைக் கூட்டிக்கொண்டு வருவார், பத்தடி தூரத்தில் வந்தால்தான் தெரிவார். ஸ்கூலில் துப்புரவு வேலைக்கு வரும் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே ரோட்டைக் குறுக்கே கடப்பார்கள். ஏழு மணிக்கே பிள்ளைகளைக் காலை உணவோடு பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று அந்தப் பக்கம் இருக்கிறது, அதற்கு ஒரு அப்பா சின்னப் பெண்ணை ஸ்கூட்டரில் ஒரு காலை ஊன்றித் தள்ளிக்கொண்டு வரவிட்டுப் பின்னால் ஓடி வருவார். ஜனவரியிலும் இவர்கள் எல்லாம் அங்கேதான் இருந்திருப்பார்கள். நான்தான் பார்க்கவில்லை.

இங்கே வண்டி ஓட்டக் கற்பவர்கள் படிக்கும் சாலை விதிப் புத்தகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 20 மைலில் போகும் கார் ஆபத்தைப் பார்த்து பிரேக் போட்டு நிற்க 12 மீட்டர். 30இல் 23 மீட்டர். எண் பத்துதான் கூடுகிறது, தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 27க்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 19 மீட்டருக்குப் பக்கத்தில் வருகிறது. ஒருநாள் டூட்டி இல்லாத காலையில் அந்த நடைபாதையில் நானே அடி வைத்து அளந்தேன். கேமரா இருந்த இடத்திலிருந்து 12 மீட்டர் நடந்தால் ஸ்கூல் கேட்டுக்கு முன்னால் நிற்கிறேன். இன்னும் ஏழு மீட்டர் நடந்தால் கேட்டைத் தாண்டி, பிள்ளைகள் கடக்கும் இடத்தையும் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுகிறேன்.

நான் வேலை பார்ப்பது எலும்பு முறிவு வார்டில். கார் இடித்து இடுப்பெலும்பு உடைந்து வருபவர்களைப் புரட்டிப் போட நாங்கள் நாலு பேர் வேண்டும், அப்படிப் புரட்டும்போது அவர்கள் போடும் சத்தம் எனக்குத் தெரியும். இதைத் தெரிந்த நான் அந்தக் கேட்டை அந்த வேகத்தில் தாண்டியிருக்கிறேன். லைசென்ஸ் போனதைவிட இதுதான் எனக்கு இன்னும் உறைக்கிறது.

சரி, இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். ரத்தானபிறகு பழையபடி கற்றுக்குட்டி. புரொவிஷனல் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். தியரி 23 பவுண்ட், பிராக்டிகல் வார நாளில் 62. உடனே விண்ணப்பிக்கலாம், இவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்று எதுவும் இல்லை. ஆனால் பிராக்டிகலுக்கு நாள் கிடைப்பதுதான் பெரும்பாடு, எனக்கும் லேசில் கிடைக்கவில்லை. காரில் எல் போர்டு மாட்டி, பக்கத்தில் 21 வயது நிரம்பி, மூன்று வருடமாக முழு லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் உட்கார்ந்தால்தான் வண்டியை எடுக்கலாம். மோட்டார்வேக்குத் தனியாள் துணையோடு போகக் கூடாது, பயிற்சியாளரும் இரட்டைக் கட்டுப்பாடு உள்ள காரும் வேண்டும். இன்சூரன்ஸ்காரர்களுக்கு அன்றே சொல்லிவிட வேண்டும், முழு லைசென்சுக்கு எடுத்த பாலிசி கற்றுக்குட்டிக்குச் செல்லாது. ரத்தானது தெரிந்தும் "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று எடுத்தால் இன்சூரன்சும் இல்லாமல் ஓட்டிய வழக்கு வரும், அது இதைவிடப் பெரிய பள்ளம்.

மறுபடி பாஸானால் அந்த இரண்டு வருடக் கெடு திரும்பத் தொடங்காது. ஆனால் ஆறு பாயிண்டும் அழியாது, அப்படியே புது லைசென்சில் வந்து உட்காரும். அவை காலாவதியாகும் முன் இன்னும் ஆறு சேர்ந்தால் 12.

வேகம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஓட்டும்போது போனைக் கையில் பிடித்திருந்தால் ஒரே தடவையில் ஆறு பாயிண்ட், 200 பவுண்ட், 2017 மார்ச்சிலிருந்து. சிக்னலில் நிற்கும்போது மேப்பை மாற்றினாலும் பிடித்தது பிடித்ததுதான். புதுசாக லைசென்ஸ் வாங்கியவருக்கு அந்த ஒரு நிமிடத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். நம் ஆட்கள் ஊருக்கு வாட்ஸ்ஆப்பில் பேசிக்கொண்டே ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் இதைச் சொன்னால் அப்படியா என்று கேட்கிறார்கள்.

நான் தியரி ஆகஸ்டில் பாஸ் செய்துவிட்டேன். இப்போது வாரம் ஒருமுறை பயிற்சியாளரோடு போகிறேன். முதல் நாளே அவரிடம் விஷயத்தை முழுசாகச் சொன்னேன். அவர் எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு சின்னப் பழக்கம்: எந்தத் தெருவுக்குள் திரும்பினாலும் அதன் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், போர்டு இல்லையென்றால் விளக்குக் கம்பம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். "முப்பது. இருபது. முப்பது." முதல் வாரம் கூச்சமாக இருந்தது. இப்போது பஸ்ஸில் போகும்போதுகூட மனசுக்குள் சொல்லிக்கொண்டே போகிறேன். 20 தெருவில் மூன்றாவது கியரை விட்டு இரண்டாவதில் போனால் வண்டி தானாக அடங்கியிருக்கிறது என்றும் அவர்தான் காட்டினார், ஸ்கூல் தெருவில் அப்படித்தான் போனோம், பின்னால் ஒரு வேன் ஒட்டிக்கொண்டு வந்தது, போகட்டும் என்று விட்டேன்.

வரும் 18ஆம் தேதி காலை 8.10க்கு பிராக்டிகல். வார்டில் லீவு கேட்டு வாங்கிவிட்டேன். வீட்டுக்காரரும் புரொவிஷனலுக்கு விண்ணப்பிக்கிறேன் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்று ராத்திரி அவரை லேப்டாப் முன்னால் உட்கார வைத்து அதை முடித்துவிடப் போகிறேன்.